வீட்டுத் தொட்டியில் அல்லிக்குளம்: ‘ஹார்டி’ வாட்டர் லில்லி வளர்ப்பது எப்படி? டெங்கு கொசுவுக்கு இடம் கொடுக்காமல் முடியுமா?

மாடியில் ஒரு பெரிய தொட்டி. அதில் பாதி மண், மீதி தண்ணீர். மேலே வட்ட வட்டமாக இலைகள், நடுவில் ஒரு வெளிர் சிவப்பு அல்லி. சமூக வலைதளங்களில் இப்படியொரு படத்தைப் பார்த்துவிட்டு, ‘நாமளும் ஒண்ணு வைக்கலாமே’ என்று நினைக்காதவர்கள் குறைவு. அடுத்த நிமிடமே இன்னொரு கேள்வியும் வரும்: ‘தண்ணி தேங்கி நின்னா டெங்கு கொசு வருமே?’

இரண்டுமே நியாயமான எண்ணம்தான். அல்லி வளர்ப்பது கஷ்டமான வேலை இல்லை. ஆனால், சரியான ரகத்தைத் தேர்ந்தெடுக்காமல் வாங்கினால் பணம் போகும். தொட்டியைக் கவனிக்காமல் விட்டால் கொசு வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அஜாக்கிரதையாக வைத்தால் ஆபத்தும் வரும். ‘ஹார்டி’ என்றால் என்ன, எதைப் பார்த்து வாங்குவது, எப்படி நடுவது, கொசுவை எப்படித் தடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அது என்ன ‘ஹார்டி’ அல்லி?

நர்சரிகளில் வாட்டர் லில்லி கேட்டால், ‘ஹார்டியா, ட்ராபிகலா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டுமே ‘நிம்ஃபேயா’ என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்த அல்லிகள்தான். பிறந்த இடம்தான் வேறு.

ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளின் குளங்களில் தானாக வளர்ந்த அல்லிகளும், அவற்றிலிருந்து உருவாக்கப்பட்ட கலப்பினங்களும்தான் ஹார்டி. குளிர்காலத்தில் குளத்தின் மேற்பரப்பு உறைந்தாலும், அடியில் இருக்கும் கிழங்கு உறையாதவரை இவை சாகாது. இலைகளை உதிர்த்துவிட்டுத் தூங்கும், வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். இந்தக் குளிர் தாங்கும் குணத்துக்காகத்தான் அந்தப் பெயர். ‘எதையும் தாங்கும் செடி’ என்று அர்த்தம் இல்லை. இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ட்ராபிகல் என்பவை வெப்ப நாட்டு அல்லிகள். நம்மூர் ஏரி, குளங்களில் இருக்கும் வெள்ளை ஆம்பலும் செவ்வாம்பலும் இந்தப் பிரிவுதான். இலங்கையின் தேசிய மலரான ‘நில் மானெல்’ என்ற நீல அல்லியும் இதே பிரிவு.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. ‘நிலவைக் கண்டு மலரும் அல்லி’ என்று நம் இலக்கியங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது வெறும் கற்பனை அல்ல. நம்மூர் ஆம்பல் உண்மையிலேயே இரவில் மலரும் பூ. பொழுது சாய்ந்ததும் விரிந்து, மறுநாள் முற்பகலில் மூடிக்கொள்ளும். ஹார்டி அல்லி இதற்கு நேர் எதிர். காலையில் வெயில் ஏறியதும் விரியும், பிற்பகலில் மூடிவிடும். வேலைக்குப் போய்விட்டு இரவு 7 மணிக்கு வீடு திரும்புகிறவர்கள், தங்கள் தொட்டியில் பூத்த ஹார்டி அல்லியை விடுமுறை நாளில் மட்டுமே பார்க்க முடியும்! தினமும் மாலையில் பூவைப் பார்க்க ஆசை என்றால், இரவில் மலரும் ட்ராபிகல் ரகம்தான் உங்களுக்குச் சரி.

அல்லியா, தாமரையா? ஒரே பார்வையில் கண்டுபிடிக்கலாம்

பூ இல்லாதபோது இலையை வைத்தே சொல்லிவிடலாம். அல்லி இலையில், காம்பு சேரும் இடம் வரை ‘வி’ வடிவத்தில் ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலை முழு வட்டம், வெட்டு இருக்காது. அல்லி இலை தண்ணீர்மேல் படிந்து கிடக்கும். தாமரையின் வளர்ந்த இலைகள் தண்ணீருக்கு மேலே குடைபோல எழுந்து நிற்கும்.

பார்க்க அக்கா, தங்கை மாதிரி இருந்தாலும், தாவரவியல்படி இரண்டுக்கும் நெருங்கிய உறவே கிடையாது. தாமரை வேறு ஒரு குடும்பம். பெயரில் மட்டும் தாமரை இருக்கும் ஆகாயத்தாமரையோ இரண்டிலும் சேராது. அது தென் அமெரிக்காவில் இருந்து வந்து நம் நீர்நிலைகளை மூடிக்கொண்ட களை. ‘குளத்துக்கு அழகா இருக்கும்’ என்று யார் கொடுத்தாலும் அதை வாங்க வேண்டாம்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களின் பட்டியலில் ஆம்பலும் குவளையும் உண்டு. ஆம்பல், தாமரை ஆகிய சொற்களைப் பேரெண்களின் பெயராகவும் பழந்தமிழர்கள் பயன்படுத்தியதாக இலக்கண உரைகள் சொல்கின்றன. குளம் நிறையப் பூத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும்.

வெள்ளை மட்டுமே இருந்த பூவுக்கு வண்ணம் வந்தது எப்படி?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியத் தோட்டக் குளங்களில் குளிர் தாங்கி வளர்ந்த அல்லி என்றால் அது வெள்ளைதான். பிரான்சின் தென்மேற்கில் தாம்பிள் சுர் லோ என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் போரி லாத்தூர் மார்லியாக், ஐரோப்பிய வெள்ளை அல்லியை அமெரிக்க, மெக்சிகோ அல்லிகளோடு கலந்து புதிய வண்ணங்களை உருவாக்கினார். 1875இல் அவர் தொடங்கிய நர்சரியில் இருந்து மஞ்சள், இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு என வரிசையாகப் புதிய ரகங்கள் வந்தன.

ஈஃபிள் கோபுரம் திறக்கப்பட்ட அதே 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்த அல்லிகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றால் ஈர்க்கப்பட்டவர்களில் ஒருவர் ஓவியர் க்ளோத் மோனே. 1893இல் ஜிவெர்னி கிராமத்தில் தன் வீட்டருகே நிலம் வாங்கிக் குளம் வெட்டினார். லாத்தூர் மார்லியாக்கிடம் இருந்தே அல்லிகளை வரவழைத்தார். ‘இந்த வெளியூர்ச் செடிகள் எங்கள் தண்ணீரைக் கெடுத்துவிடும்’ என்று அக்கம்பக்கத்து விவசாயிகள் அப்போது எதிர்ப்புத் தெரிவித்ததும் பதிவாகியிருக்கிறது. அதையும் மீறி உருவான அந்தக் குளத்தை வைத்துத்தான், 1926இல் இறக்கும் வரை சுமார் 250 அல்லி ஓவியங்களை மோனே வரைந்தார். இன்று நாம் வாங்கும் ஹார்டி ரகங்கள் பலவற்றின் வம்சம் அந்த நர்சரியில் தொடங்கியதுதான்.

வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

ஹார்டி என்று சொல்லி ட்ராபிகலையும், ட்ராபிகல் என்று சொல்லி ஹார்டியையும் கொடுப்பது சகஜம். இந்த 4 அடையாளங்களைப் பாருங்கள்.

1. இலை ஓரம்: ஹார்டி இலையின் விளிம்பு வழவழப்பாக, வெட்டில்லாமல் இருக்கும். ட்ராபிகல் இலைகளில் பெரும்பாலும் ரம்பப் பல் போன்றோ அலை அலையாகவோ இருக்கும்.

2. பூ நிற்கும் உயரம்: ஹார்டி பூ பெரும்பாலும் தண்ணீர்மேல் மிதக்கும். ட்ராபிகல் பூ தண்ணீருக்கு மேலே காம்பை நீட்டி நிமிர்ந்து நிற்கும்.

3. கிழங்கு: ஹார்டியின் கிழங்கு இஞ்சி மாதிரி படுக்கை வசமாக நீளும். ட்ராபிகல் கிழங்கு பெரும்பாலும் உருண்டையாக இருக்கும்.

4. நிறம்: ஹார்டியில் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு, பீச் நிறங்கள் கிடைக்கும. நீலமும் ஊதாவும் வழக்கமாக ட்ராபிகலின் சொத்து. இரண்டு பிரிவையும் கலந்து தாய்லாந்தில் உருவாக்கிய நீல, ஊதா ஹார்டிகள் சில உண்டு, ஆனால் அவை அபூர்வம். ‘நீல ஹார்டி, விலை ரொம்பக் கம்மி’ என்றால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஆன்லைனில் ‘கலர் கலர் அல்லி விதை, 10 எண்ணம்’ என்று விற்பதை வாங்காதீர்கள். பெயர் பெற்ற ஹார்டி ரகங்கள் எல்லாம் கலப்பினங்கள். பலவற்றில் விதையே பிடிக்காது. பிடித்தாலும் தாய்ச்செடி மாதிரியே பூக்காது. கிழங்கை வெட்டி நட்டுத்தான் அதே ரகத்தைப் பெருக்க முடியும். வானவில் நிறத்தில் பூ போட்ட படத்தோடு வரும் விதைப் பொட்டலத்தில் இருந்து அந்தப் பூ ஒருநாளும் வராது.

நல்ல கிழங்கு எப்படி இருக்கும்? அழுத்தினால் கல் மாதிரி உறுதியாக இருக்கணும். குறைந்தது ஒரு உயிருள்ள குருத்து இருக்கணும். கொழகொழவென்று இருந்தாலோ, அழுகல் நாற்றம் வந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த அழுகல் உங்கள் தொட்டியில் இருக்கும் மற்ற கிழங்குகளுக்கும் பரவலாம்.

குளிர் நாட்டுச் செடி நம் வெயிலைத் தாங்குமா?

தாங்கும். ஆனால் ரகம் பார்க்க வேண்டும். ஹார்டி அல்லிக்கும் வெயில் வேண்டும். சிக்கல் வெயிலில் இல்லை, தண்ணீரின் சூட்டில்தான். மே மாதத்தில் சின்னத் தொட்டியில் இருக்கும் தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் இலை கருகும், மொட்டு கருகும்.

ஹார்டியில் அடர்சிவப்பு ரகங்கள்தான் வெப்பத்துக்கு ரொம்ப பயப்படும். கடும் வெயிலில் இதழ்கள் கருகிச் சுருங்கிவிடும். ‘ஜேம்ஸ் பிரைடன்’, ‘எஸ்கார்பூக்கிள்’ போன்றவை படத்தில் அள்ளிக்கொண்டு போகும். ஆனால், முதல் முயற்சியாகச் சமவெளியில் வைக்க ஏற்றவை அல்ல. மெக்சிகோ மஞ்சள் அல்லியின் வழிவந்த மஞ்சள், பீச் நிற ரகங்கள் சூட்டை நன்றாகத் தாங்குகின்றன. ‘குரோமடெல்லா’ என்ற பழைய மஞ்சள் ரகமும், ‘கொலராடோ’ என்ற பீச் நிற ரகமும் இதற்கு உதாரணம். தாய்லாந்தில் உருவாக்கப்பட்ட ‘வான்விசா’ போன்ற ஹார்டி ரகங்கள் வெப்ப நாட்டிலேயே பிறந்தவை. சின்னத் தொட்டிதான் இருக்கிறது என்றால், உள்ளங்கையைவிடச் சின்னப் பூ பூக்கும் ‘ஹெல்வோலா’ என்ற குட்டி மஞ்சள் ரகம் போதும்.

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர்ப் பகுதிகளில் கதை வேறு. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் ட்ராபிகல் அல்லிகள் தடுமாறும், ஹார்டி தூங்கி எழுந்துகொள்ளும். அங்கே இலை உதிர்ந்தால் ‘செத்துப்போச்சு’ என்று தூக்கி எறிய வேண்டாம். கிழங்கு உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சமவெளியில் பெரும்பாலும் முழுத் தூக்கம் வராது. குளிர் மாதங்களில் இலையும் பூவும் குறையும், அவ்வளவுதான்.

எங்கே வைக்கலாம்? எடையைக் கணக்குப் போட்டீர்களா?

குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் விழும் இடம் வேண்டும். நிழலில் வைத்தால் இலை வரும், பூ வராது. மே மாதத்தில் மட்டும் மதியம் 1 மணிக்கு மேல் லேசான நிழல் விழுந்தால் நல்லது.

அல்லிக்கு அசையாத தண்ணீர்தான் பிடிக்கும். இலைமேல் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தால் செடி நலியும். காரணம், மற்ற செடிகளுக்கு இலையின் அடிப்பக்கத்தில் அதிகமாக இருக்கும் சுவாசத் துளைகள், அல்லிக்கு மேல் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் நீரூற்று வைத்த தொட்டியில் அல்லி வேண்டாம்.

இப்போது மாடித் தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டியது. 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. 60 செ.மீ. விட்டமுள்ள தொட்டியில் 40 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் சுமார் 113 லிட்டர். மண், தொட்டி எல்லாம் சேர்த்தால் 130 கிலோ பக்கம் வரும். அதாவது, இரண்டு பெரியவர்கள் கால் சதுர மீட்டர் இடத்தில் இரவு பகலாக நிற்பதற்குச் சமம். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிகளுக்கு இந்தியத் தர நிர்ணய விதிகள் எடுத்துக்கொள்ளும் சுமை, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். ஒரே இடத்தில் நாலைந்து தொட்டிகளை அடுக்குவது ஆபத்து. கீழே சுவரோ பீமோ இருக்கும் ஓரங்களில், இடைவெளி விட்டு வையுங்கள். பழைய கட்டடமாக இருந்தால் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைப்பது நல்லது.

அடுத்தது அதைவிட முக்கியம். தவழும், தத்தி நடக்கும் குழந்தைகள் சில அங்குலத் தண்ணீரில்கூட மூழ்கிவிடக்கூடும். சத்தமே வராது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பலமான இரும்புக் கம்பி வலையைப் பொருத்துங்கள். இலையும் பூவும் அதன் கீழேயே நன்றாக வளரும். இல்லையென்றால், குழந்தை வளரும் வரை இந்த ஆசையைத் தள்ளிப்போடுங்கள். தரையில் குளம் வெட்டுகிறவர்களுக்கும் இதே விதிதான்.

நடும் முறை: படிப்படியாக

* அல்லிக்கு ஆழமான தொட்டியைவிட அகலமான தொட்டிதான் தேவை. வெளித் தொட்டிக்குள், அகலமான ஒரு பிளாஸ்டிக் பேசினில் செடியை நட்டு இறக்குவது வசதி. உரம் போட, பிரித்து நட, வெளியே எடுக்க எளிது.

* புது சிமென்ட் தொட்டி என்றால் உடனே நடக்கூடாது. சிமென்டில் இருந்து சுண்ணாம்பு இறங்கும். 2 வாரம் தண்ணீர் நிரப்பி, இடையிடையே மாற்றி, நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகு பயன்படுத்துங்கள்.

* மண் கனமாக இருக்க வேண்டும். களிமண் கலந்த தோட்டத்து மண் அல்லது வண்டல் மண் போதும். மாடித் தோட்டத்துக்குப் பயன்படுத்தும் தென்னை நார்க்கழிவுக் கலவை இங்கே ஆகாது. எல்லாம் மேலே மிதந்து வந்துவிடும்.

* அடியில் நன்றாக மக்கிய, காய்ந்த மாட்டு எருவை ஒரு கை மட்டும் போட்டு, அதன்மேல் மண்ணை நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம். தண்ணீருக்குள் புளித்து நாறும்.

* ஹார்டி கிழங்கை நடுவில் நடக்கூடாது. பேசினின் ஓரத்தில், வெட்டுப் பக்கம் சுவரை ஒட்டியும் குருத்து நடுவைப் பார்த்தும் இருக்கும்படி, 45 டிகிரி சாய்வாக நட வேண்டும். கிழங்கு படுக்கை வசமாகத்தானே நீளும்? அது ஊர்ந்து போக இடம் வேண்டும் அல்லவா!

* குருத்து மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். அதைப் புதைத்தால் அழுகிவிடும். மேலே சின்னக் கூழாங்கல் அல்லது கழுவிய மணலைப் பரப்பினால் மண் கலங்காது.

* முதலில் குருத்துக்கு மேல் 10 முதல் 15 செ.மீ. தண்ணீர் போதும். செங்கல் வைத்து பேசினை உயர்த்தி வைக்கலாம். இலைகள் மேலே வர வர, செங்கலை எடுத்துக் கீழே இறக்குங்கள். வளர்ந்த பிறகு நடுத்தர ரகங்களுக்கு 30 முதல் 45 செ.மீ. தண்ணீரும், குட்டி ரகங்களுக்கு 15 முதல் 30 செ.மீ. தண்ணீரும் நிற்கலாம்.

* தண்ணீரை வேகமாக ஊற்றாதீர்கள். மண்மேல் ஒரு தட்டையோ பிளாஸ்டிக் கவரையோ வைத்து, அதன்மேல் மெதுவாக விடுங்கள்.

தண்ணீர் பச்சையாகிவிட்டதே, மாற்றலாமா?

புதுத் தொட்டி வைத்தவர்கள் எல்லோரும் பதறுவது இங்கேதான். முதல் சில வாரங்களில் தண்ணீர் பச்சையாவது இயல்பு. அது பாசி. வெயிலும் மண்ணில் இருந்து கரையும் சத்தும் சேர்ந்தால் பாசி வரும்.

தண்ணீரை மாற்றினால் மறுநாள் தெளிவாக இருக்கும், அடுத்த வாரம் மறுபடி பச்சையாகும். மாற்ற மாற்ற அதே கதைதான். பொறுமையாக விட்டால், அல்லி இலைகள் பரவி வெயிலை மறைக்கும், வேர்கள் சத்தை உறிஞ்சும், தண்ணீர் தானாகத் தெளியும். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் இலை மூடியிருப்பது சரியான அளவு. அதற்கு மேல் போனால் பழைய இலைகளைக் கழித்துவிடுங்கள். ஆவியாகிக் குறையும் தண்ணீரை மட்டும் அவ்வப்போது நிரப்பினால் போதும்.

முக்கியக் கேள்வி: டெங்கு கொசு வராதா?

கவனிக்காவிட்டால் கண்டிப்பாக வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு, சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தொட்டி, டிரம், டயர், பூச்சாடி என்று தேங்கும் ஓரளவு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டையில் இருந்து பறக்கும் கொசுவாக மாற, நம் வெப்பநிலையில் 7 முதல் 10 நாட்கள் போதும். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு வளர விட்டால், பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் நோட்டீஸும் அபராதமும் வரலாம். அதைவிட, பாதிக்கப்படுவது பக்கத்து வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

தீர்வு எளிது: மீன். 100 லிட்டர் தொட்டிக்கு 5, 6 கப்பி மீன்கள் போதும். கொசுப்புழுவை ஒன்றுகூட விடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால், ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்த பிறகே மீனை விட வேண்டும். கொய் மீன் வேண்டாம், மண்ணைக் கிளறிக் கிழங்கைப் பிடுங்கிப் போட்டுவிடும். ஜிலேபிக் கெண்டையும் வேண்டாம், செடியையே தின்றுவிடும்.

ஆனால், ‘மீன் விட்டாச்சு, கவலை இல்லை’ என்று இருந்துவிடக் கூடாது. பல வீடுகளில் நடப்பது இதுதான். ஏப்ரல், மே சூட்டில் மீன் செத்துப்போகும். இலை மூடியிருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. அடுத்த மழை வரும்போது தொட்டி முழுக்கக் கொசுப்புழு. எனவே, வாரம் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு இந்த 4 வேலைகளைச் செய்யுங்கள்.

1. மீன்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

2. வெள்ளைக் கிண்ணத்தில் ஓரத் தண்ணீரை மொண்டு பாருங்கள். நெளிந்து நெளிந்து மேலும் கீழும் போகும் புழு தெரிந்தால் அதுதான் எதிரி.

3. மஞ்சளான இலைகளைக் காம்போடு அடியில் கிள்ளி எடுங்கள். மீன் நுழைய முடியாத இலைக் குவியலில்தான் புழு ஒளிந்துகொள்ளும்.

4. தொட்டியைச் சுற்றிப் பாருங்கள். காலிப் பேசின், வாளி, செடித் தட்டு இவற்றில் தேங்கும் தண்ணீரில் மீன் இருக்காது! அல்லித் தொட்டியைவிட ஆபத்து அதுதான்.

மீன் வளர்க்க விருப்பம் இல்லை என்றால், பி.டி.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாக்டீரியா மருந்து உண்டு. கொசுப்புழுவைக் கொல்லும், செடிக்கும் மீனுக்கும் கேடில்லை. பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவிலும் இடைவெளியிலும் தவறாமல் போட வேண்டும். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பி வராதவர்கள், தொட்டியை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். முடியாது என்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிழங்கை ஈர மண்ணில் வைத்துவிட்டுப் போங்கள். காலியான தொட்டியின் உள்சுவரை நன்றாகத் தேய்க்கணும். ஏடிஸ் முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

உரம், பூச்சி: என்ன செய்யலாம்?

அல்லி ஒரு பெருந்தீனிக்காரி. பூக்கும் காலத்தில் மாதம் ஒரு முறை உரம் வேண்டும். தண்ணீரில் தூவினால் பாசிதான் கொழுக்கும். நீர்ச்செடிகளுக்கான உர மாத்திரையோ, காகிதத்தில் இறுக்கி மடித்த ஒரு சிறிய ஸ்பூன் கலப்பு உரமோ எடுத்து, கிழங்கில் படாமல் சற்றுத் தள்ளி, மண்ணுக்குள் விரல் ஆழத்துக்கு அழுத்திவிடுங்கள். புதிதாக நட்ட செடிக்கு, நாலைந்து இலை வரும் வரை உரம் வேண்டாம்.

இலைகளில் அசுவினி மொய்த்தால், பைப்பைப் பிடித்துத் தண்ணீரை வேகமாக அடியுங்கள். கீழே விழுவதை மீன் பார்த்துக்கொள்ளும். இலையில் துண்டு துண்டாக வெட்டு தெரிந்தால், அந்தத் துண்டைக் கூடாக்கி உள்ளே ஒளிந்திருக்கும் புழுவைக் கையால் எடுத்துப் போடுங்கள். பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. ‘வேப்பெண்ணெய்தானே’ என்று அதை அடிப்பதும் தவறு. தண்ணீரில் கலந்தால் மீனுக்கு ஆபத்து. மீன் போனால் கொசு வரும், அவ்வளவுதான் கணக்கு.

இலை வருது, பூ வரலையே?

வெயில் போதவில்லையா, உரம் போட்டு ரொம்ப நாளாகிவிட்டதா, தண்ணீர் அளவுக்கு மேல் ஆழமா என்று வரிசையாகப் பாருங்கள். மூன்றும் சரி, ஆனால் இலைகள் தண்ணீருக்கு மேலே எழும்பி நெருக்கியடித்து நிற்கின்றன என்றால், செடிக்கு இடம் போதவில்லை. 2, 3 ஆண்டுக்கு ஒரு முறை கிழங்கை எடுத்து, குருத்துள்ள நுனியோடு 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, புது மண்ணில் நட வேண்டும். மிச்சக் கிழங்கில் குருத்து இருந்தால் அது நண்பர்களுக்கு!

பூத்த பூ 3, 4 நாள் தினமும் விரிந்து மூடும். முதல் நாள் பூவின் நடுவே பாருங்கள், ஒரு குட்டிக் கிண்ணத்தில் திரவம் தேங்கியிருக்கும். அன்றைக்குப் பூ பெண்ணாக இருக்கிறது. வேறு பூவின் மகரந்தத்தைச் சுமந்துவரும் பூச்சி அந்தத் திரவத்தில் விழுந்தால், மகரந்தம் கழுவப்பட்டுச் சூலகத்துக்குப் போகும். இரண்டாம் நாளில் இருந்து கிண்ணம் வற்றி, மகரந்தத் தாள்கள் திறக்கும். தன் மகரந்தம் தனக்கே சேராமல் இருக்க, பூவே செய்துகொண்ட ஏற்பாடு இது. ஆயுள் முடிந்ததும் பூ தண்ணீருக்குள் மூழ்கிவிடும். அதை அப்படியே விடாமல் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

மிச்சமானதை ஏரியில் விடலாமா?

கூடவே கூடாது. தொட்டியில் சாதுவாக இருக்கும் செடி, ஏரியில் போய் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. மேலே பார்த்த அதே மெக்சிகோ மஞ்சள் அல்லி, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து நாடுகளில் நீர்நிலைகளை அடைக்கும் அந்நியக் களையாக மாறியிருக்கிறது. ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் ‘பூ அழகா இருக்கு’ என்று உலகம் முழுக்கக் கொண்டுபோகப்பட்ட செடிதான். கப்பி மீனும் நம்மூர் மீன் அல்ல. எனவே, மிஞ்சிய கிழங்கை நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள், மிஞ்சிய மீனைத் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், 6 மணி நேர வெயில், கனமான மண், வெளியே தெரியும் குருத்து, மாதம் ஒரு முறை உரம். இவ்வளவு இருந்தால் அல்லி பூத்துவிடும். அத்துடன் உயிரோடு நீந்தும் நாலு மீனும், வாரம் ஒரு பத்து நிமிடமும் இருந்தால், அந்தத் தொட்டி உங்களுக்கும் தெருவுக்கும் தொந்தரவாக இருக்காது. அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்க முடியும் என்றால், தாராளமாகத் தொட்டி வாங்கலாம்.